பாளையமிறங்கிய அத்தியட்சர்

அத்தியட்சர் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம் உள்ளத்தில் எழுவன, வானளாவும் கோபுரத்தையுடைய பேராலயமும், அதனயலே மரநிழலில் அமைந்த மாளிகையும், நீண்ட அங்கியும் கோலுமேயாம். இவற்றுள் மாளிகை என்பதொன்றைத் தம் வாழ்நாள் முழுதும் அறியாத அத்தியட்சர் ஒருவர் இருந்தார். குதிரையின் முதுகே அவர்க்கு இல்லம். சேணத்தின் இருபுறமும் தொங்கிய தோற்பைகளே அவர்தம் நூல்நிலையம். அவர் பெயர் பிரான்சிஸ் ஆஸ்பரி. நாற்பத்து நான்கு ஆண்டுகட்கு மேலாக அமெரிக்க நாட்டின் காடுகளிலும் குன்றுகளிலும் திரிந்து, அங்கு மெதடிஸ்த திருச்சபையை நிலைநாட்டி, தமக்கெனக் கூரையொன்று வேயாமலே மறைந்தவர். அவர் சரிதம் எழுதினோர் யாவரும் அவருடைய பிரசங்க வன்மையையும் ஆளுந் திறத்தையும் விரித்துரைத்துள்ளனர். அவற்றோடு, அவ்வாசிரியர் பலரும் ஓரிரு வரிகளிற் கடந்து செல்லும் ஒன்றையும் நாம் இங்குச் சற்றே நின்று நோக்க விரும்புகின்றோம். காடு சூழ்ந்த மேடுபள்ளமான நிலத்திலே, மக்களும் வண்டிகளும் குதிரைகளும் சில நாள் தங்குதற்கு ஏற்ற இடம் யாது எனத் தேர்ந்தறியும் அறிவே அது.

ஆஸ்பரி 1745 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்து தேசத்து ஸ்டாபோர்டுஷயரில், பர்மிங்காம் நகர்க்கு அணித்தான ஹான்ஸ்வொர்த் என்னும் ஊர்ப்புறத்தே பிறந்தார். தந்தையார் ஜோசப் என்பவர் செல்வர் வீட்டுத் தோட்டங்களில் உழைத்துப் பிழைத்த எளியர். தாயார் பெயர் எலிசபெத். பிரான்சிஸுக்குச் சகோதரி ஒருத்தி இருந்து குழவிப் பருவத்திலேயே இறந்தனள். அத்துயரம் அன்னையின் நெஞ்சை நெடுங்காலம் வருத்திற்று. அவ்வம்மையார் பலகணியோரத்தே நின்றபடி மணிக்கணக்காய் நூலொன்றில் ஆழ்ந்திருப்பாராம். அக்காட்சி மகனுடைய நினைவை விட்டு என்றும் அகலவில்லை. சிறுவர் பள்ளிக்கூடத்தை விரும்பினாரல்லர். ஆசிரியரின் பிரம்படிக்கு அஞ்சிப் பதின்மூன்றாம் வயதளவில் அதனை விட்டொழித்து, இரும்பு வேலை செய்வாரிடத்துத் தொழில் பயிலப் புகுந்தார். பிற்காலத்தே அவர் இலத்தீனும் கிரேக்கும் எபிரேயமும் பயின்றதெல்லாம் தம் முயற்சியாலேயே. பட்டம் பெறுதற்கு நாற்காலியும் மேசையும் மின்விளக்கும் வேண்டி நிற்கும் நாம், காட்டு வழியிற் குதிரைமீதமர்ந்து எபிரேய வேதத்தைப் புரட்டிய அம்மனிதரை நினைக்குந்தோறும் சிறிது நாணுகின்றோம்.

பட்டடையில் வேலை செய்துகொண்டே, பதினெட்டு வயதினளவில் அயலூர்களிற் பிரசங்கிக்கத் தொடங்கினார். பின்னர் ஜான் வெஸ்லியின் சுற்றுப்பிரசங்கிகளுள் ஒருவரானார். 1771 ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரிற் கூடிய ஆலோசனைச் சங்கத்தில், அமெரிக்காவிற்குச் செல்ல முன்வருவார் யார் என வெஸ்லி வினவியபொழுது, இருபத்தைந்து வயதினரான ஆஸ்பரி தம்மை ஒப்புவித்தார். வீடு சென்று பெற்றோரிடம் விடைபெற்றுத் துறைமுகம் வந்துசேர்ந்தபோது அவர் கையில் ஒரு காசும் இல்லை. நண்பர்கள் உடையும் பத்துப் பவுனும் திரட்டிக் கொடுத்தனர். கப்பலிற் படுக்கை இன்மையால் பலகையின்மேல் கம்பளி விரித்துப் படுத்தே கடலைக் கடந்தார். அவ்வாண்டு அக்டோபர் 27 ஆம் நாள் பிலதெல்பியாவிற் கரையேறினார். தாய்நாட்டையும் பெற்றோரையும் அவர் மீண்டுங் கண்டாரில்லை.

சென்றவர் கண்டது யாதெனின், தமக்கு முன் வந்த போதகர்கள் நியூயார்க்கு, பிலதெல்பியா முதலிய நகரங்களை விட்டு வெளியேற மனமின்றி இருந்ததுதான். நகரத்தார் உபசரித்தனர், படுக்கை மெத்தென இருந்தது, பனிக்காலமோ கடுமை. ஆஸ்பரி இதனை ஒப்பவில்லை. மக்கள் எங்கே பரவுகின்றனரோ அங்கே போதகரும் செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. மக்களோ மேற்றிசை நோக்கி, காட்டை வெட்டிக் கட்டைவீடுகள் கட்டிக்கொண்டு, ஆண்டுக்காண்டு நகர்ந்துகொண்டிருந்தனர். ஒவ்வொரு போதகர்க்கும் ஒரு சுற்றுவட்டம் வகுத்து, குதிரை ஏற்றி அனுப்பினார்; முதற்குதிரை தம்முடையதாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

சுதந்தரப் போர் மூண்டபோது, வெஸ்லி ஆங்கில அரசர் பக்கம் நின்று நூல் வெளியிட்டமையால், மெதடிஸ்தர் யாவரும் பகைவராக எண்ணப்பட்டனர். வெஸ்லி அனுப்பிய ஆங்கிலப் போதகர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தாயகம் திரும்பினர். ஆஸ்பரி மட்டும் திரும்பவில்லை. மேரிலாண்டு மாகாணத்தார் கேட்ட பிரமாணத்தைச் செய்ய மனம் ஒவ்வாது, 1778 ஆம் ஆண்டில் டெலவேருக்குச் சென்று தாமஸ் ஒயிட் என்னும் நியாயாதிபதியின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கும் இடரென்று தோன்றியபொழுது சதுப்பு நிலத்தில் மறைந்திருந்தார். ஓரிடத்தே நெடுநாள் தங்கியது அவர் வாழ்வில் அக்காலம் ஒன்றே எனலாம்.

போர் முடிந்தபின் 1784 இல் வெஸ்லி, தாமஸ் கோக் என்பாரை இருவர் துணையோடு அனுப்பி, ஆஸ்பரியைக் கண்காணிப்பாளராக நியமித்தார். ஆயினும் உடன் உழைப்போர் தம்மைத் தெரிந்தெடுத்தாலன்றி அப்பதவியை ஏலேன் என ஆஸ்பரி மறுத்தார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் பால்டிமோரிற் கூடிய சங்கம் அவரை ஒருமனமாய்த் தெரிந்தெடுத்தது. அடுத்தடுத்து மூன்று நாட்களில் உதவிக்குரு, குரு, கண்காணிப்பாளர் ஆகிய மூன்று அபிஷேகமும் பெற்றார். பின்னர் அத்தியட்சர் என்னும் பட்டத்தையும் மேற்கொண்டதற்காக வெஸ்லி அவரைக் கடிந்து எழுதியதும் உண்டு. கோக் என்பாரைப்பற்றி ஒரு சொல் இடையே கூறுதல் தமிழராகிய நமக்குப் பொருந்தும். ஆஸ்பரியை அபிஷேகஞ் செய்த அக்கைகட்குரியவர் முதுமையில் இலங்கைக்குத் திருப்பணியாளரை அழைத்துக்கொண்டு கப்பலேறி, 1814 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்து மகாசமுத்திரத்தில் உயிர்நீத்தார். உடன்வந்தோர் காலியிற் கரையிறங்கி, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணிதொடங்கினர். தமிழ்நாட்டு வெஸ்லியச் சபையின் வேரும் அக்கப்பலிலேயே இருந்தது.

ஆஸ்பரிக்கு ஆண்டொன்றிற்குச் சம்பளம் அறுபத்து நான்கு டாலர். ஏனைய போதகர்க்கும் அதுவே. அதிலும் ஒரு பகுதியை வயது முதிர்ந்த பெற்றோர்க்கு அனுப்பிவந்தார். மணஞ்செய்துகொள்ளவில்லை, ஆண்டில் ஓரிரு வாரமேனும் மனைவியோடு இருக்க முடியாதவன் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தல் தகாது என்பது அவர் கருத்து. தம் போதகர்கள் மணஞ்செய்துகொள்ளும் செய்தி கேட்கும்போதெல்லாம் ஒரு வீரனை இழந்த படைத்தலைவனைப்போல வருந்துவார். இது சிறிது மிகையென்றே நமக்குத் தோன்றுகின்றது.

இனி அவர் சென்ற வழிகளைப் பார்ப்போம். அல்லெகெனி மலைத்தொடரை அவர் அறுபது முறைக்கு மேற் கடந்தாரென்பர். வாழ்நாளில் அவர் பயணஞ்செய்த தொலைவு இரண்டு லட்சத்து எழுபதினாயிரம் மைல் எனக் கணக்கிட்டோர் உளர். பாலமில்லாத ஆறுகள், மழையிற் சேறாகும் ஒற்றையடிப் பாதைகள், மாலைப்பொழுதில் வழியிற் கண்ட கட்டைவீட்டில் ஒரே அறையில் வீட்டாரும் விருந்தினரும் நாயும் முடங்கிக் கிடக்கும் இரவுகள் இவையே அவர்தம் நாட்குறிப்பில் நிறைந்துள்ளன. அழுக்கேறிய படுக்கைகளால் சொறி பற்றிக்கொண்டதைக் குறித்து எழுதுமிடத்து, கந்தகம் பூசிய சட்டை அணிந்து உறங்கினாலன்றி அதினின்று தப்ப வழியில்லை என நகைச்சுவை தோன்ற எழுதியிருக்கின்றார். அத்தகைய வீட்டினும் மரத்தடியே மேலெனப் பல இரவு அவர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும். ஆனால் மரத்தடி எல்லாம் ஒன்றல்ல.

1790 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் முதன்முறையாகக் கென்டக்கி நாட்டிற்குச் சென்றார். அந்நாளில் அங்குச் செல்லும் காட்டுவழி, நிலத்தை இழந்துவந்த செவ்விந்தியர்க்கும் வந்து குடியேறுவோர்க்கும் நிகழ்ந்த போரினால் இரத்தம் படிந்த வழி. துப்பாக்கி தாங்கிய துணைவரோடு கூட்டமாக அன்றித் தனித்துச் செல்வாரில்லை. அவ்வழியில் ஓரிடத்தே, முன்பு பாளையமிறங்கிய ஒரு கூட்டத்தாரின் கல்லறைகளை ஆஸ்பரி கண்டார். ஒரே பாளையத்தில் இருபத்து நான்கு பேர். அவர்கள் காவல் வைக்காது, இரவு நெடுநேரம் சீட்டாடிக்கொண்டிருந்தனர் என்று அவர்க்குச் சொல்லப்பட்டது. லெக்சிங்டனுக்கு அருகில் மாஸ்டர்சன் என்பாரின் குடியிருப்பில் சங்கத்தை முடித்துத் திரும்புங்கால், தம் கூட்டத்தார் உறங்கிய ஓரிரவு முழுதும் ஆஸ்பரி படுக்காமல், பாளையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, காவலர் விழித்திருக்கின்றனரா எனப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தியட்சர் ஒருவர் இராக்காவலரைக் காவல் செய்த இக்காட்சி நமக்கு அவருடைய எப்பிரசங்கத்தினும் நன்கு விளங்குகின்றது. பாளையமிறங்குதல் உயிரைப் பற்றிய காரியம் என்பதை அந்த இருபத்து நான்கு குழிகளும் அவர்க்குக் கற்பித்தன போலும்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1800 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கென்டக்கியின் தென்மேற்குப் பகுதியில் கேஸ்பர் ஆற்றங்கரையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஜேம்ஸ் மெக்ரெடி என்னும் பிரஸ்பிட்டேரியன் குரு நடத்திய இராப்போசனக் கூட்டத்திற்கு, நாற்பது ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்தும் மக்கள் உணவும் படுக்கையும் வண்டியிலேற்றி வந்து, ஆலயத்தைச் சுற்றிலும் காட்டிலேயே தங்கினர். அண்டை வீடுகள் அத்துணைப் பேர்க்கும் இடங்கொடா என்பதே இதற்குக் காரணம். அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேன் ரிட்ஜ் என்னுமிடத்தில் கூடிய கூட்டத்தைப் பதினாயிரம் என்பாரும் இருபதினாயிரத்திற்கு மேல் என்பாரும் உண்டு. கூண்டு வண்டிகள் மட்டும் நூற்றுக்கு மேல் எண்ணப்பட்டன. அக்கூண்டு வண்டி, நம் நாட்டு மாட்டு வண்டிபோல ஊர் சேர்க்கும் வாகனமாக மட்டும் இராது. இரவில் குழந்தைகளும் முதியோரும் உறங்கும் வீடாகவும் பயன்பட்டது.

ஆஸ்பரி இத்தகைய கூட்டத்தை நேரிற் கண்டது 1800 அக்டோபரில், டென்னசி நாட்டில், வாட்கோட், மெக்கெண்ட்ரி என்பாரோடு செல்லும்போதாகும். ஓங்கி வளர்ந்த பீச் மரங்களின் நடுவே திறந்தவெளியில் மேடை. ஆங்காங்கே எரியும் தீ இருளைப் பிளந்து நின்றது. பிரஸ்பிட்டேரியரும் மெதடிஸ்தரும் ஒரே மேடையில் மாறிமாறிப் பிரசங்கித்தனர். பிரசங்கங்கட்கு இடையே மக்கள் தாமும் உண்டு தம் குதிரைகட்கும் தீனியிட்டு, மீண்டும் மேடைமுன் வந்து கூடியதை அவர் மறவாமற் குறித்திருக்கின்றார். குதிரையின் பசியைக் குறித்துவைக்கும் குருமார் சிலரே. அன்று முதல் அவர் பாளையக் கூட்டங்கட்குப் பெருந்துணைவரானார். 1802 இன் இறுதியில் போதகர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில், இக்கூட்டங்களைப் பெரிய வலைவீசி மீன்பிடித்தலோடு ஒப்பிட்டு, அங்கும் நடத்துமாறு வேண்டினார். பிரஸ்பிட்டேரியர், கூட்டங்களில் எழுந்த கூச்சலையும் மயங்கி விழுதலையும் கண்டு நாளடைவில் ஒதுங்கினர். மெதடிஸ்தரோ அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். 1811 இல் ஆண்டொன்றிற்கு நானூறு ஐந்நூறு பாளையங்கள் கூடுவதாக ஆஸ்பரி கணக்கிட்டார். வியப்பு யாதெனின், அவர் பிறந்த ஸ்டாபோர்டுஷயரின் எல்லையில் மோ காப் என்னுங் குன்றின்மீது 1807 இல் இத்தகைய கூட்டமொன்றைச் சிலர் நடத்தியபோது, இங்கிலாந்தின் வெஸ்லியச் சங்கம் அது அமெரிக்காவிற்குப் பொருந்தினும் இங்கிலாந்திற்குத் தகாது என விலக்கியதுதான். அதனாற் பிரிந்தோர் வேறொரு சபையாயினர்.

பல்லாயிரவர் காட்டில் நான்கைந்து நாள் தங்குவதாயின் இடம் எவ்வாறு தேர்ந்தனர்? முதலிற் பார்ப்பது நீர். ஊற்று ஒன்று வற்றாது ஓடவேண்டும். அதுவும் ஒன்று போதாது. மக்கள் குடிக்கும் ஊற்று மேலும், குதிரைகள் இறங்கும் ஓடை கீழுமாக இருத்தல் வேண்டும். முறை மாறினால் மூன்றாம் நாள் பாளையத்தில் நோய் தோன்றும். குதிரையொன்று நாளொன்றிற்குக் குடிக்கும் நீர் நம்மில் ஒருவர் குடிப்பதைப்போலப் பன்மடங்கு. ஆதலின் ஆயிரம் குதிரை வருமிடத்திற்குச் சிறு சுனை எம்மாத்திரம்? இரண்டாவது நிலம். பள்ளத்தாக்கின் அடிப்பகுதி கண்ணுக்கு இனிதாயினும், இரவில் மலைமேற் பெய்யும் மழை அங்கேதான் வந்து நிற்கும். குன்றின் உச்சியோ காற்றுக்கு இலக்கு, நீரும் தொலைவு. ஆதலின் மெல்லெனச் சரியும் நிலமே தேடப்பட்டது. மழைநீர் தங்காது வடியும். மேடையைச் சரிவின் அடியில் அமைத்தால் பின்வரிசையில் இருப்பார்க்கும் போதகர் முகம் தெரியும்.

மூன்றாவது மரம். அடர்ந்த கிளைகள் வெயிலையும் தூறலையும் தடுக்க, அடியிலுள்ள தூறுகளை மட்டும் வெட்டி நீக்குவர். வெட்டிய கழிகள் கூடாரத்திற்குக் கால்களாகும். விழுந்த மரங்கள் பிளந்து இருக்கையாகும். ஆயினும் பட்ட மரமும் காய்ந்த கிளையும் தலைக்குமேல் நிற்பின் அங்குக் கூடாரம் அடிப்பது அறிவாகாது; காற்றில்லாத இரவிலும் அவை விழும். நான்காவது மேய்ச்சல். சோளம் விளைந்து உழவு வேலை ஓய்ந்த ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே பாளையங் கூடுவது வழக்கம். அயற் பண்ணையாரிடம் புல்வெளியும் தீனியும் அப்பொழுதுதான் கிடைக்கும். இவற்றோடு வண்டிப்பாதைக்கு அணித்தாகவும் சாராயக் கடைக்குச் சேய்த்தாகவும் இருத்தல் வேண்டும். பின்னதைச் சாதிப்பது அரிது. நாம் கடையை விட்டு விலகினும் கடை நம்மைத் தேடி வந்துவிடும். பீப்பாய்களை வண்டியிலேற்றி வந்து பாளையத்தின் விளிம்பிலே விற்போர் இருந்தனர். பாளையத்திற்கு இத்துணைத் தொலைவிற்குள் மது விற்றலாகாது எனச் சில இராச்சியங்கள் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று.

இடம் அமைந்தபின் வகுக்கும் முறையை ஆஸ்பரியின் உடனுழைப்பாளரும் அச்சபையின் முதற் சரித்திராசிரியருமாகிய ஜெஸ்ஸி லீ என்பவர் 1810 இல் வெளியிட்ட நூலில் விரித்திருக்கின்றார். இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தைத் துப்புரவு செய்து நீள்சதுரமாக்குவர். அதன் ஓரங்களில் கூடாரங்கள் முகம் உட்புறமாக வரிசையாய் நிற்கும். கூடாரங்கட்குப் பின்னே வண்டிகளும் கோச்சுகளும். அவற்றிற்கும் பின்னே குதிரைகள் முளைகளிற் கட்டப்பட்டுத் தீனி தின்னும். கூடாரத்தின்முன் சமையல் தீ. மரங்களில் மெழுகுவத்திகளும் விளக்குகளும் இரவெல்லாம் எரியும். விடியலில் எக்காளம் ஊதி எழுப்புவர். சிறிது நேரத்தில் மீண்டும் ஊதுவது ஜெபத்திற்கு. இரவில் காவலர் உலாவுவர். மூவகையாரையும் இவ்வாறு அடுக்கியதன் பொருத்தம் எண்ணத்தக்கது. குதிரை வெருண்டு கட்டறுத்துக்கொள்ளின் குழந்தைகள் உறங்கும் கூடாரத்தை மிதிக்காதபடி வண்டிவரிசை மதிலாய் நிற்கும். சாணமும் ஈயும் உணவுக்கு எட்டத்தில் இருக்கும். புறப்படும் நாளில் வண்டியைக் குதிரையிடத்தே கொண்டுபோக வேண்டுவதில்லை. எண்ணாகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைச் சூழ இஸ்ரவேலர் கோத்திரம் கோத்திரமாய்ப் பாளையமிறங்கிய பகுதியை வாசிப்போர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. அம்மக்களும் தம் கூட்டத்தைக் கூடாரப் பண்டிகையோடு ஒப்பிட்டு மகிழ்ந்தனர். கேஸ்பர் ஆற்றிற்கு வெகு தொலைவிலன்றி மாமத் குகைத் தேசியப் பூங்காவின் காடுகள் உள்ளன. அங்கு இக்காலத்தும் குதிரையோடு வருவோர்க்கும், வீடே அமைந்த மோட்டார் வண்டியில் வருவோர்க்கும் தங்குமிடங்கள் வகுத்திருக்கின்றனர். கூண்டு வண்டிக்கு எஞ்சின் பூட்டியது ஒன்றே வேறுபாடு.

இவ்வளவு அழகாய் வகுத்த நிலத்தில் ஒரு கோடு மட்டும் நம் கண்ணை உறுத்துகின்றது. தென்னாட்டுப் பாளையங்களில் நீகிரோ மக்கட்கு இடம் மேடையின் பின்புறத்தே. அதே வசனம், அதே பாட்டு. ஆனால் போதகரின் முதுகை நோக்கி அவர்கள் அமரவேண்டும். இதனை எண்ணுங்கால் ஆஸ்பரியின் வாழ்விலுள்ள பெருங்குறையை மறைத்துச் செல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் அடிமைத்தனத்தை வெறுத்தவர். 1784 இன் சங்கம் அடிமைகளை விடுவிக்க வேண்டுமென விதித்தது. அடுத்த ஆண்டு அவரும் கோக்கும் ஜார்ஜ் வாஷிங்டனை அவர் இல்லத்திற் கண்டு, அடிமைகளின் விடுதலைக்கான விண்ணப்பத்தில் ஒப்பம் வேண்டினர். வாஷிங்டன் கருத்தில் இசைந்தும் கையெழுத்திட்டாரில்லை. தென்னாட்டு நிலக்கிழார் சீறியெழவே, சங்கத்தின் விதி ஓராண்டு நிறையுமுன் நிறுத்திவைக்கப்பட்டது. 1808 இல் தென் கரோலினாவிற்கென அடிமை பற்றிய பகுதியை நீக்கி ஒழுங்குமுறை நூலைத் தனியே ஆயிரம் பிரதி அச்சிடவும் இசைந்தனர். அதற்கடுத்த ஆண்டு ஆஸ்பரி தம் நாட்குறிப்பில், விடுதலைக்குப் போராடி அடிமைகளை அணுகவே இயலாமற் போவதினும், அவர்கள் நிலையைச் சிறிது திருத்தி ஆத்துமாவைக் காப்பது மேலன்றோ எனத் தம்மையே வினவிக்கொள்கின்றார். அவ்வினாவிற்கு அவர் கண்ட விடையை நாம் ஏற்றுக்கொள்ள இயலாது. ஆண்டைகள் கதவைச் சாத்திவிடுவரே என்னும் அச்சம் மெய்யானதுதான். ஆனால் அக்கதவைத் திறந்துவைத்தற்கு விலை கொடுத்தவர் அவரல்லர், அடிமைகளே.

ரிச்சர்ட் ஆலன் என்னும் நீகிரோப் பிரசங்கியாரின் கதை இதனை இன்னுந் தெளிவாக்கும். தம்மோடு பயணஞ்செய்ய வருமாறு ஆஸ்பரி அவரை அழைத்தார். ஆனால் தென்னாட்டில் அடிமைகளோடு கலவாதிருக்க வேண்டும். பல இரவுகள் வண்டியிலேயே படுக்கவேண்டும். உணவும் உடையும் கிடைக்கும் என்றார். ஆலன் மறுத்துவிட்டார், நோயுற்றால் தம்மைத் தாங்குவார் யார் என்பது அவர் கேட்ட கேள்வி. வண்டியில் உறங்குதல் ஆஸ்பரிக்குத் துறவின் அடையாளம்; ஆலனுக்கோ வீட்டினுள் இடமில்லை என்பதன் அடையாளம். எனினும் இருவர் நட்பும் முறியவில்லை. 1794 இல் ஆலன் பிலதெல்பியாவில் நிறுவிய பெத்தேல் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவரும், 1799 இல் அவரை உதவிக்குருவாக அபிஷேகஞ் செய்தவரும் ஆஸ்பரியே. ஆலன் பின்னர், 1816 இல், தம் இனத்தார்க்கெனத் தனிச்சபை கண்டு அதன் முதல் அத்தியட்சரானார்.

முதுமையில் ஆஸ்பரியை வாதமும் ஈளையும் பற்றிக்கொண்டன. கால்கள் வீங்கிச் சேணத்தில் அமர இயலாதபோது சிறு வண்டியில் ஏறினார், வண்டி நின்றாரல்லர். பென்சில்வேனியாவில் ஜெர்மானியர் நடுவே, அம்மொழி வல்ல ஹென்றி பேம் என்னும் இளைஞர் துணையாய்ச் சென்றார். இறுதி இரண்டு ஆண்டுகளில் ஜான் வெஸ்லி பாண்டு என்பவர் அவரைக் குழந்தையைப்போல ஏந்தி இறக்கியும் ஏற்றியும் பணிசெய்தார். தந்தை 1798 இலும் தாய் 1802 இலும் இறந்த செய்திகள் கடல்கடந்து பல வாரங்கட்குப் பின்னரே அவரை எட்டின. அவர் வந்திறங்கிய நாளில் அந்நாட்டில் மெதடிஸ்தர் சில நூற்றுவர். 1816 இலோ இரண்டு லட்சத்திற்கு மேல்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் 24 ஆம் நாள் ரிச்மண்டு நகரில் அவரைத் தூக்கிச்சென்று பிரசங்க பீடத்தில் ஒரு மேசையின்மேல் அமர்த்தினர். ஏறக்குறைய ஒருமணி நேரம் இடையிடையே மூச்சுவாங்கிப் பேசினார். அதுவே அவர்தம் இறுதிப் பிரசங்கம். மே மாதம் பால்டிமோரிற் கூடவிருந்த பொதுச்சங்கத்திற்கு எவ்வாறேனும் சென்றுசேர வேண்டுமென்று வண்டியை வடக்கே செலுத்தச் சொன்னார். வர்ஜீனியாவில் ஸ்பாட்சில்வேனியா பகுதியில் ஜார்ஜ் ஆர்னால்டு என்னும் நண்பர் வீட்டை அடைந்ததும் மேலே செல்ல உடல் இடங்கொடுக்கவில்லை. 31 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பேச்சு அடங்கிய நிலையில், பாண்டு கேட்ட கேள்விக்குக் கைகளை உயர்த்தி விடையளித்துச் சாய்ந்தார். அவர்க்கு வயது எழுபது.

முதலில் அவ்வீட்டாரின் இடுகாட்டிலேயே அடக்கஞ் செய்தனர். மே மாதத்தில் சங்கத்தார் வேண்டியபடி உடலை எடுத்துச்சென்று பால்டிமோர் நகரத்து யூட்டா தெரு ஆலயத்தில் வைத்தனர். 1854 இல் அங்கிருந்தும் எடுத்து மவுண்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினர். இறந்தபின்னும் அவர் ஓரிடத்தில் தங்கினாரல்லர். 1924 ஆம் ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் நகரில் அவர்க்கொரு வெண்கலச் சிலை நாட்டி, குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் திறந்துவைத்தார். தளபதிகளின் குதிரைகள் முன்கால் தூக்கிச் செருக்கி நிற்கும் அந்நகரில், இவருடைய குதிரை நெடுந்தொலைவு நடந்து களைத்ததுபோலத் தலையைத் தாழ்த்தி நிற்கின்றது. மேலே அமர்ந்திருப்பவர் மழைக்குரிய தொப்பியும் போர்வையும் அணிந்திருக்கின்றார்.